ஹெட்லைட் எப்போது போடவேண்டும்: பொழுது படுமுன்னா, பட்ட பின்னா?

திருகோணமலை உப்புவெளி வாசகர் ஒருவரின் கேள்வி – நவம்பர் 2, மாலை 7.40

வீட்டில் சண்டை. லண்டனில் இருக்கும் அண்ணன் சொல்கிறார், பொழுது பட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் ஹெட்லைட் கட்டாயம், அதுவரைக்கும் போடாவிட்டாலும் குற்றமில்லை என்று. ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, பொழுது படுவதற்கு அரை மணித்தியாலம் முன்னாலேயே போடவேண்டும், இல்லாவிட்டால் டிக்கெட் என்கிறார். இருவரும் அங்கே முறையாகப் பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுத்தவர்கள். குடும்ப வட்ஸ்அப்பில் கொஞ்ச நாளாக இதுதான் பேச்சு. யார் சொல்வது சரி? இங்கே நான் எதைப் பின்பற்றுவது? ஐந்தரைக்கு லைட்டைப் போட்டுக்கொண்டு நிலாவெளி ரோட்டில் போனால், எதிரே வருகிறவர்கள் எல்லாம் விரலை விரித்து மடக்கி 'லைட் எரியுது' என்று காட்டுகிறார்கள். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 2, இரவு 9.20

இருவரும் சரி. சண்டையை நிறுத்தலாம்.

அண்ணன் சொல்வது பிரித்தானியக் கணக்கு. அங்கே 1989ஆம் ஆண்டின் வாகன வெளிச்ச ஒழுங்குவிதிகளில் இருள் நேரம் என்பது பொழுது பட்டு அரை மணித்தியாலத்தில் தொடங்கி, விடிவதற்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது முடிகிறது. ஹெட்லைட் அந்த நேரத்துக்குத்தான் கட்டாயம். ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். முன்னாலுள்ள சின்ன லைட், பின்னாலுள்ள சிவப்பு லைட், நம்பர் பிளேட் லைட் எல்லாம் பொழுது பட்ட நிமிடத்திலிருந்தே எரியவேண்டும். அதற்கு அரை மணித்தியாலச் சலுகை கிடையாது. இன்னொன்று: மணிக்கு 30 மைல் ரோட்டில், தெருவிளக்குகள் 185 மீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல் எரிந்துகொண்டிருந்தால், நடு இரவிலும் ஹெட்லைட் சட்டப்படி கட்டாயமில்லை. மற்றப்பக்கம், மழையோ மூட்டமோ 100 மீட்டருக்கு அப்பால் பார்க்கவிடவில்லை என்றால் பட்டப்பகலிலும் கட்டாயம்.

அக்கா சொல்வது ஒன்ராறியோ மாகாணக் கணக்கு. அங்கே நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, பொழுது படுவதற்கு அரை மணித்தியாலம் முன்னாலிருந்து, விடிந்து அரை மணித்தியாலம் வரைக்கும் என்று சொல்கிறது. இவை தவிர, 150 மீட்டர் தூரத்தில் ஆளும் வாகனமும் தெளிவாகத் தெரியாத எந்த நேரத்திலும் எரியவேண்டும்.

ஆக இரண்டு இடத்துக்கும் நடுவில் மாலையில் ஒரு மணித்தியாலம், காலையில் ஒரு மணித்தியாலம் வித்தியாசம். அண்ணனும் அக்காவும் ஒரே வாகனத்தில் போகாதவரை பிரச்சினையில்லை.

இங்கே எதைப் பின்பற்றுவது என்று கேட்டீர்கள். அக்காவை. காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன், கரண்ட் போய்விட்டது, ஃபோனில் சார்ஜ் இல்லை.

நவம்பர் 3, காலை 6.50

காரணம் இதுதான். அரை மணித்தியாலம் என்ற அந்தக் கணக்கு நம்முடைய வானத்துக்குப் போட்டதல்ல.

லண்டனில் பொழுது பட்ட பிறகும் வெளிச்சம் நிற்கும். ஜூனில் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும். மற்ற மாதங்களிலும் அரை மணித்தியாலத்துக்குக் குறையாது. சூரியன் அங்கே அடிவானத்தில் சரிந்து சரிந்துதான் இறங்குகிறது. திருகோணமலை பூமத்திய ரேகையிலிருந்து எட்டரைப் பாகைதான் வடக்கே. இங்கே சூரியன் குலையிலிருந்து அறுந்த தேங்காய்போல நேரே கீழே போகிறது. பொழுது பட்டு இருபது, இருபத்திரண்டு நிமிடத்தில் மம்மல் வெளிச்சம் முடிந்துவிடும். அதாவது லண்டன்காரர் 'இனி ஹெட்லைட் கட்டாயம்' என்று ஸ்விட்சைத் தொடும் நேரத்தில், உப்புவெளியில் இருட்டி எட்டுப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. அந்த எட்டுப் பத்து நிமிடத்தில்தான் டியூசன் விட்டுச் சைக்கிளில் பிள்ளைகள் வருகிறார்கள், கடலுக்குப் போகிறவர்கள் ரோட்டைக் கடக்கிறார்கள், மாடுகள் பட்டிக்குத் திரும்புகின்றன.

இந்தியாவிலும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதே 'பட்டு அரை மணித்தியாலம்'தான் எழுதியிருக்கிறது. 155 மீட்டரில் ஆள் தெரியாவிட்டால் எப்போதும் என்ற வரியும் உண்டு. கன்னியாகுமரி நமக்கும் தெற்கே, எட்டுப் பாகையில். அங்கே நிற்கிறவருக்கும் அந்த அரை மணித்தியாலம் உதவாது. உதவுவது அந்த இரண்டாவது வரிதான்.

நவம்பர் 3, மதியம் 1.05

"மணியைப் பார்த்து லைட் போடுகிறவன் டிரைவர் இல்லை" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான் அண்ணை. ஆனால் இப்போது ரோட்டில் போகிறவர்களில் எத்தனை பேர் நீங்கள் சொல்லும் டிரைவர்?

நவம்பர் 3, இரவு 8.30

நேரத்தைக் கேட்டவர்களுக்காக. திருகோணமலையில் நவம்பர் தொடக்கத்தில் ஐந்தே முக்காலுக்கு முன்னாலேயே பொழுது பட்டுவிடும், ஜூலையில் ஆறரைக்குக் கிட்ட. வருடம் முழுவதும் அந்த முக்கால் மணித்தியாலத்துக்குள்தான் ஆடும். லண்டனில் டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கு முன்னால், ஜூனில் இரவு ஒன்பது இருபதுக்கு. அப்படி ஆடுகிற இடத்தில் சட்டம் எழுதுகிறவர் சூரியனைப் பிடித்துக்கொள்ளாமல் கடிகாரத்தைப் பிடிக்க முடியாது. நமக்குக் கடிகாரத்தையே பிடித்துக்கொள்ளலாம்போலத் தோன்றும். தோன்றும்தான்.

நவம்பர் 5, இரவு 10.00

மேலே 'தோன்றும்தான்' என்று விட்டதற்கு விளக்கம் கேட்கிறார்கள். 1996 தெரியாத தலைமுறை.

அந்த வருடம் மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல்வரை அப்படியே கிடந்தது. 1996 ஜூலையில் இங்கே பொழுது பட்டது கடிகாரப்படி ஏழரைக்கு. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே ஓடியது. ஹயர், அதாவது வாடகை ஓட்டம், பேசும்போது "ஐந்து மணி என்றால் பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுத்தான் ஏற்றுக்கொள்வோம். ஒரு சட்டம் 'மாலை 6.30க்கு லைட்' என்று மணியை எழுதிவைத்திருந்தால் அந்தப் பத்து வருடம் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பொழுது என்று எழுதினால் எந்த அரசாங்கமும் தள்ள முடியாது.

அந்தக் காலத்தில் ஹெட்லைட் சட்டமே வேறு. சென்றிப் பொயின்ட்டுக்கு, அதாவது சோதனைச் சாவடிக்குக் கிட்டப் போனால் ஹெட்லைட்டை அணைக்கவேண்டும், உள்ளே இருக்கும் லைட்டைப் போடவேண்டும், ஊரவேண்டும். எதிலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் ஒருவரும் மறந்ததில்லை. எல்லாம் முடிந்து எவ்வளவோ காலம் ஆகிறது. இன்றைக்கும் இரவில் சீருடையைக் கண்டால் என் இடக்கை முதலில் உள் லைட்டைத் தேடுகிறது. போன மாதம் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர், என் மகனைவிட இளையவர், "ஏன் ஐயா உள்ளுக்கு லைட் போட்டிருக்கிறீங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

நவம்பர் 6, காலை 7.15

விரல் காட்டுகிற விஷயத்துக்கு வருவோம். உப்புவெளித் தம்பி அதைத்தான் உண்மையில் கேட்டார், நான் லண்டன், ரொறன்ரோ என்று சுற்றிவிட்டு வருகிறேன்.

பகலில் லைட் எரிந்தால் பற்றரி போய்விடும் என்பது டைனமோ காலத்துப் பழக்கம். எஞ்சின் ஓடும்போது ஓல்டனேட்டர் கொடுக்கிறது, பற்றரிக்கு ஒன்றும் ஆகாது. எஞ்சினை நிறுத்திவிட்டு லைட்டை மறந்தால்தான் காலையில் தள்ளவேண்டும். விரல் காட்டுகிறவர் நல்ல எண்ணத்தில்தான் காட்டுகிறார். தலையை ஆட்டிவிட்டுப் போங்கள், அணைக்காதீர்கள்.

இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிதாகத் தயாரிக்கும் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர்களில் ஹெட்லைட் ஸ்விட்சே இல்லை. எஞ்சின் ஓடினால் லைட்டும் எரியும். சென்னையில் இருக்கும் என் சித்தப்பாவின் மகன், முதல் வருடம் முழுக்க "அண்ணா லைட், அண்ணா லைட்" என்று கேட்டுக் கேட்டே காது புளித்துவிட்டது என்றான். இப்போது அங்கே யாரும் கேட்பதில்லையாம். பழகிவிட்டது.

நவம்பர் 6, காலை 7.40

சூரியனைப் பற்றி இன்னொன்று. பின்னேரம் கன்னியாப் பக்கம், அநுராதபுரம் ரோட்டில் மேற்கே போகிறவருக்குச் சூரியன் கண்ணாடிக்குள் நேரே நிற்கும். எதிரே வருகிற வாகனத்துக்குச் சூரியன் முதுகுப்பக்கம். அவருக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். அதனால் லைட் போடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. ஆனால் உங்களுக்கு அவர் ஒரு கறுப்பு நிழல். பொழுது படுவதற்கு முந்திய அரை மணித்தியாலம் என்று ஒன்ராறியோ சட்டம் சொல்லும் நேரம் அச்சொட்டாக இதுதான். லைட் போடவேண்டியவர் நன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறவர்.

நவம்பர் 8, இரவு 9.45

"அப்படியென்றால் முழுநாளும் போட்டுவிட்டால் என்ன?" கிண்ணியா நானா கேட்கிறார்.

செய்திருக்கிறார்கள். பின்லாந்து 1972இல் தொடங்கியது, முதலில் குளிர்காலத்தில் ஊருக்கு வெளியே உள்ள ரோட்டுகளுக்கு மட்டும். சுவீடன் 1977இல் எல்லாருக்கும், எல்லா நேரத்துக்கும். கனடா சாரதியைக் கேட்காமல் வாகனத்தையே கேட்டது: 1989 டிசம்பருக்குப் பிறகு தயாரித்த கார்களில் பகல் லைட் தானாக எரியவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பெப்ரவரி முதல் புதிய மாதிரிக் கார்களுக்கு அப்படி.

இதில் ஒரு கூத்து நடந்தது. பகல் லைட் முன்னால் மட்டும்தான் எரியும், பின்னால் எரியாது. இரவில் முன்னால் ஏதோ வெளிச்சம் விழுகிறது, டாஷ்போர்டும் பளபளவென்று எரிகிறது, ஆகவே லைட் போட்டாயிற்று என்று சாரதி நினைத்துக்கொண்டு போகிறார். பின்னால் வருகிறவருக்கு ஒரு சிவப்புப் பொட்டும் தெரியாது. கனடாவில் இதற்குப் பேய் வாகனம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2021 செப்டெம்பருக்குப் பிறகு வரும் புதிய வாகனங்களுக்கு மூன்றில் ஒன்று இருக்கவேண்டும் என்று விதி வந்தது: பகல் லைட்டோடு பின் லைட்டும் எரியவேண்டும், அல்லது இருட்டினால் எல்லா லைட்டும் தானாக வரவேண்டும், அல்லது லைட் போடாதவரை டாஷ்போர்ட் இருட்டாகவே இருக்கவேண்டும்.

மூன்றாவதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். என் பழைய வேனில் லைட் போட்டாலும் டாஷ்போர்ட் இருட்டுத்தான். அந்த வகையில் கனடாவுக்கே முன்னோடி.

அக்காவிடம் சொல்லுங்கள், அவருடைய கார் 2021க்கு முந்தியது என்றால் பொழுது படும்போது இறங்கிப் போய்ப் பின் லைட்டை ஒருதரம் பார்க்கட்டும்.

நவம்பர் 9, அதிகாலை 5.30

இரவு எழுதியதை வைத்துக்கொண்டு படுத்தால் நித்திரை வரவில்லை. முழுநாளும் போட்டால் நல்லது என்ற தொனியில் எழுதியிருக்கிறேன். நம்மூருக்கு அது அப்படியே பொருந்துமா என்பது வேறு விஷயம்.

ஒஸ்ரியா 2005 நவம்பரில் பகலிலும் ஹெட்லைட் கட்டாயம் என்று கொண்டுவந்தது. 2008 ஜனவரியில் எடுத்துவிட்டது. எதிர்த்தவர்கள் சொன்ன வாதங்களில் ஒன்று, லைட் இல்லாதவர்கள், அதாவது நடந்து போகிறவர்களும் சைக்கிள்காரர்களும், எரிகிற லைட்டுகளுக்கு நடுவில் கண்ணில் படாமல் போகிறார்கள் என்பது. அங்கே அவர்கள் கொஞ்சம் பேர். இங்கே யோசியுங்கள். மூன்றாம் கட்டையிலிருந்து நிலாவெளிவரைக்கும் பின்னேரம் ரோட்டில் இருப்பதில் பாதி சைக்கிள், நடை, மாடு. எதற்கும் லைட் இல்லை. எல்லாக் காரும் எரியவிட்டு வந்தால் கண் காரைத்தான் தேடப் பழகும். லைட் இல்லாததெல்லாம் ரோட்டில் இல்லாதது என்று மூளை கணக்குப் போட்டுவிடும்.

ஆகவே நடுப்பகலுக்கு மோட்டார் சைக்கிள்காரர் போட்டால் போதும் என்பது இப்போதைய என் நிலைப்பாடு. அது சின்ன உருவம், சட்டென்று தெரியாது. கார், வேன், லொறிக்குப் பொழுது படுமுன் அரை மணித்தியாலம், மழை, புகை, மூட்டம். டியூசனுக்கு ஆறு மணி தாண்டி விடுகிற வீட்டுக்காரர்கள் பிள்ளையின் சைக்கிளில் பின்னால் சிவப்புக் கண்ணாடியாவது ஒட்டிவிடுங்கள். புத்தகப் பைக்குத் தரும் காசில் கால்வாசியும் வராது.

நவம்பர் 9, காலை 8.00

"மாட்டுக்கும் ஒட்டலாமா?" என்கிறார் ஒருவர். கழுத்தில் ஒளிரும் பட்டி கட்டுகிற ஊர்கள் இருக்கின்றன, சிரிக்கவேண்டாம். கறுப்பு மாடு நடுரோட்டில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும்போது, நம் பக்கம் திரும்பிப் பார்த்தால் கண் மின்னும், தப்பிக்கலாம். மற்றப்பக்கம் திரும்பியிருந்தால் ஒன்றும் மின்னாது. கோட்டைப் பக்கத்து மான்கள் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளைகள். லைட் பட்டதும் கூட்டமாக நின்று பார்க்கும்.

நவம்பர் 12, இரவு 8.10

மாரி தொடங்கிவிட்டது. இன்று பின்னேரம் மூன்று மணிக்குத் தம்பலகாமத்தில் ஏழு மணி இருட்டு. வயல் பக்கம் வானமும் ரோட்டும் ஒரே நிறம். எதிரே வந்த லொறிகளில் பெரும்பாலானவை லைட் இல்லாமல்தான் வந்தன. வைப்பர் எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டிருந்தது.

கலிபோர்னியாவில் இதற்கு ஒரு நல்ல விதி இருக்கிறது. 2005 ஜூலையிலிருந்து, மழைக்காகவோ மூட்டத்துக்காகவோ வைப்பரைத் தொடர்ந்து ஓடவிட்டால் ஹெட்லைட்டும் எரியவேண்டும். நியூயோர்க்கிலும் உண்டு. மீட்டர், அடி, பொழுது எதையும் அளக்கவேண்டியதில்லை. பொலிஸ்காரர் பார்ப்பதும் சுகம்: வைப்பர் ஓடுகிறது, லைட் இல்லை, ஓரங்கட்டு. இங்கே 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் எத்தனையோ திருத்தம் வந்துவிட்டது, இதையும் ஒரு வரியாகச் சேர்த்தால் மாரிக்குப் பெரிய உதவி. சேர்க்கும்வரை நாமே செய்யலாம், யாரும் தடுக்கவில்லை.

நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு மழையில் ஓடுகிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள். நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா, பழுதா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. மழைக்கு வேண்டியது டிம் லைட். ஹை பீம் அடித்தால் அந்த வெளிச்சம் தண்ணீரில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

நவம்பர் 12, இரவு 9.30

ஹபரணையில் யானைக்கு ஹை பீம் அடிக்கலாமா என்று கேட்டவருக்குத் தனியாக எழுதுகிறேன், அவசரம்போலத் தெரிகிறது, நாளைக்கு விமான நிலையம் போகிறாராம்.

அடிக்கவேண்டாம். கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் ஏ6இல் இரவில் யானை எந்த இடத்திலும் நிற்கலாம். மாட்டைப்போல் கண் மின்னும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரோட்டுக்குக் குறுக்கே இருட்டு கொஞ்சம் கட்டியாகத் தெரிந்தால் அது யானை. ஹாலஜன் பல்ப் டிம்மில் தெளிவாகக் காட்டுவது நாற்பது, ஐம்பது மீட்டர். பிரித்தானிய நெடுஞ்சாலைக் கோவை என்ற சாலை விதிப் புத்தகம் போட்ட கணக்குப்படி மணிக்கு 64 கிலோமீட்டரில் போகிற கார் நிற்க 36 மீட்டர் வேண்டும், 80இல் 53 மீட்டர். அதுவும் நல்ல ரோடு, நல்ல பிரேக், விழித்திருக்கிற சாரதி. ஆகவே டிம்மில் 80 ஓடுகிறவர் தான் பார்க்காத இடத்துக்குள் ஓடுகிறார். எதிரே வாகனம் இல்லாதபோது ஹை பீமில் ஓடுங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது. யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தி டிம்முக்கு மாற்றுங்கள், ஹோர்ன் அடிக்கவேண்டாம், பின்னால் எடுக்க இடம் வைத்துக்கொள்ளுங்கள். அது போகும். அவசரம் உங்களுக்குத்தான், அதற்கு இல்லை.

இயலுமென்றால் விடியற்காலை விமானத்துக்குப் பின்னேரமே வெளிக்கிட்டு, பொழுது படுமுன் ஹபரணையைத் தாண்டிவிடுங்கள். ஹயர்காரர் சாப்பாட்டுக்கு நிறுத்தவேண்டும் என்று முகத்தைச் சுழிப்பார். பரவாயில்லை.

நவம்பர் 13, இரவு 10.20

லைட் அடிப்பது பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லவேண்டும், ஏனென்றால் விடுமுறைக்கு வருகிறவர்கள் தொடங்கப்போகிறார்கள்.

என் மருமகன் லண்டனிலிருந்து வந்தபோது வேனை நானே ஓட்டுகிறேன் என்று வாங்கினான். நல்ல பிள்ளை, நல்ல சாரதி, இடப்பக்கம் ஓடிப் பழகியவன். மடத்தடிச் சந்தியில் வலப்பக்கம் திரும்பக் காத்து நிற்கிறோம். எதிரே ஒரு தனியார் பஸ். பஸ்காரர் ஹெட்லைட்டை இரண்டுதரம் அடித்தார். மருமகன் புன்னகையோடு கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு வேனை எடுத்தான். நான் போட்ட சத்தத்தில் அவன் மட்டுமல்ல, பஸ்காரரும் பிரேக்கை மிதித்திருக்கவேண்டும்.

லண்டனில் எதிரே வருகிறவர் லைட் அடித்தால் 'நீ போ, நான் விடுகிறேன்' என்று எடுத்துக்கொள்வது வழக்கமாம். இங்கே அதன் அர்த்தம் 'நான் வருகிறேன், நீ நில்'. அதே அடியைத் தூரத்தில் அடித்தால் 'முன்னால் பொலிஸ்'. பக்கத்தில் வந்து அடித்தால் 'உன் ஹை பீமைக் குறை'. இரவு ஓட்டோவில் போகிற தெரிந்த பையன் அடித்தால் 'அண்ணை, சுகமா'.

வேடிக்கை என்னவென்றால், மருமகனின் ஊர் நெடுஞ்சாலைக் கோவையே அவன் பக்கம் இல்லை. லைட் அடிப்பது நீ அங்கே இருக்கிறாய் என்று மற்றவருக்குத் தெரிவிக்க மட்டும், வேறு எந்தச் செய்திக்கும் அல்ல என்றுதான் 110ஆம் விதியில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் அன்று சந்தியில் பிரித்தானிய விதியை அச்சொட்டாகக் கடைப்பிடித்தவர் நம்முடைய பஸ்காரர்.

நவம்பர் 14, காலை 6.30

மருமகன் இதை வாசித்துவிட்டான். "மாமா, வேனுக்கு ஒன்றும் நடக்கவில்லையே" என்று செய்தி அனுப்பியிருக்கிறான். நடக்கவில்லை என்று எல்லாருக்கும் அறியத் தருகிறேன்.

நவம்பர் 16, மாலை 4.50

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்ததிலிருந்து புதிய ஜப்பான் கார்கள் ஊருக்குள் தெரிகின்றன. அதில் ஒன்றை வாங்கிய ஒருவர் குறைபடுகிறார்: கோயில் வாசலில் நிற்கும்போது ஹெட்லைட்டை அணைத்தேன், வாகனம் நகர்ந்ததும் திரும்ப எரிகிறது, கராஜில் காட்டினால் வயரிங் பழுது என்கிறார்கள்.

பழுது இல்லை, காசைக் கொடுக்காதீர்கள். ஜப்பானில் 2020 ஏப்ரல் முதல் புதிய மாதிரிக் கார்களில் லைட் தானாக எரிவது கட்டாயம். வெளிச்சம் 1000 லக்ஸுக்குக் கீழே போனால் இரண்டு விநாடிக்குள் எரியவேண்டும், ஓடும்போது சாரதியால் அணைக்க முடியக்கூடாது. நிற்கும்போது மட்டும் அணைக்கலாம். உங்கள் கார் சட்டத்தைச் சரியாகச் செய்கிறது, வேறு நாட்டுச் சட்டம் என்பதுதான் ஒன்று. மரநிழலுக்குள் போனால் எரிந்து, வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் அணையும். எதிரே வருகிறவருக்கு நீங்கள் லைட் அடித்ததுபோல் இருக்கும். மேலே 13ஆம் திகதிக் குறிப்பை வாசித்துவிட்டுப் பயப்படுங்கள்.

பழைய கார்க்காரர்களுக்கு: ஸ்விட்சில் 'ஓட்டோ' என்று இருந்தாலும் மழைக்கு நம்பாதீர்கள். சென்ஸர் வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது, தூரத்தைப் பார்ப்பதில்லை. வெள்ளை மழையில் வெளிச்சம் இருக்கும், கண் தெரியாது.

நவம்பர் 19, இரவு 9.00

இரண்டு நாளாக எல்ஈடி பல்ப் சண்டை. முச்சக்கரவண்டிக்காரர்கள் ஒரு பக்கம், அவர்களுக்கு எதிரே வருகிறவர்கள் மறுபக்கம்.

பல்ப் கெட்டது இல்லை. ஹாலஜன் பல்புக்கென்று செய்த கிண்ணத்துக்குள் எல்ஈடியைச் செருகினால், வெளிச்சம் பிறக்கிற புள்ளி கொஞ்சம் விலகிவிடுகிறது. கிண்ணம் அதை ரோட்டுக்குக் கொடுக்காமல் எதிராளியின் முகத்துக்குக் கொடுக்கிறது. போட்டவருக்கு வெள்ளையாகத் தெரிவதால் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறார். வயது போனவர்களுக்கு அந்தக் கூச்சம் தெளிய நேரம் எடுக்கும். எனக்குக் கிண்ணியாப் பாலத்தில் ஒரு லைட் பட்டால் பாலம் முடிகிறவரைக்கும் பச்சைப் பொட்டு மிதக்கிறது.

பழைய ஹெட்லைட் வாங்கிப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டிம் வெளிச்சம் நேர்கோடு இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் மேலே ஏறும், ஓரத்தில் நடக்கிறவரைக் காட்டுவதற்கு. இடப்பக்கம் ஓடுகிற நாடுகளில் அது இடப்பக்கம் ஏறும். ஜப்பான் சாமான் என்றால் பிரச்சினையில்லை. ஐரோப்பாவிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த சாமான் வலப்பக்கம் ஏறும், அதாவது எதிரே வருகிறவரின் கண்ணுக்கு. சுவருக்கு அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

மட்டம் பார்க்கவும் அதே சுவர் போதும். சமதரையில், சுவரிலிருந்து ஐந்து மீட்டரில் காரை நிறுத்துங்கள். லைட்டின் நடு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதைச் சுவரில் சோக்கால் கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஐந்து சென்ரிமீட்டர் கீழே விழவேண்டும். மேலே போனால் லைட்டுக்குப் பின்னால் இருக்கும் திருகாணியைத் திருப்புங்கள். பின்சீற்றில் ஆளை ஏற்றிக்கொண்டு பாருங்கள், வெறும் வாகனத்தில் பார்த்துவிட்டு ஐந்து பேரோடு ஓடினால் மூக்குத் தூக்கிக்கொள்ளும். சனிக்கிழமை பின்னேரம் நான் வீட்டில்தான் நிற்பேன், என் மதில் வெள்ளையடித்த மதில், வருகிறவர்கள் ஆறு மணிக்குப் பிறகு வாருங்கள். சோக் கொண்டுவாருங்கள், கரியால் கீறவேண்டாம் என்று வீட்டுக்காரி சொல்லச் சொன்னார்.